காலரக்கா போகிற இடம்

மேட்டுக் குடியிருப்பில் ஏழாம் எண் பஸ்ஸுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவள் காலரக்கா. எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரே ஆளும் அவள்தான். இந்த இரண்டாவது விஷயம் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

காலரக்கா என்ற பெயர் சட்டைத் தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்டது. அங்கே ஆளாளுக்குச் சட்டையில் ஒரு பாகம். ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பை வைப்பாள், ஒருத்தி பொத்தான் கட்டுவாள். இவள் சேர்ந்த நாளிலிருந்து தைத்தது காலர் மட்டும்தான். ஒரு முழுச் சட்டையைத் தன் கையால் தைத்து முடித்த சந்தோஷம் அவளுக்கு வாய்க்கவே இல்லை. அந்தக் கூடத்தில் எந்நேரமும் மெஷின்கள் கடகடவென்று ஓடும். பக்கத்து நாற்காலிக்காரியிடம் கத்தரிக்கோல் கேட்பதானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதனால் மாமியார் சண்டை, பிள்ளைப்பேறு, புருஷன் கோபித்துக்கொண்டு போனது எல்லாம் அங்கே ஊரறியத்தான் பேசப்பட்டன.

தொழிற்சாலையை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, காது அடைத்துக்கொண்டது என்று காலரக்கா டாக்டரிடம் போனாள். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது நல்லாத்தாம்மா இருக்கு, கேக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்லை போல" என்றார். அவர் தமாஷாகத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் செய்துகொள்ளவில்லை என்று குடைந்து கேட்டவர்கள்கூட இப்போது யாரும் மிச்சம் இல்லை.

குடியிருப்பும் அவளைப் போலத்தான் ஆகிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை ஆட்களுக்காக நகர மன்றம் குன்றின் மேல் கட்டிய வீடுகள் அவை. வேலை போனதும் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பின்னாலேயே மன்றமும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கியது. தபால் நிலையத்தைக் கீழே உள்ளதோடு "இணைத்தார்கள்". மருந்தகத்தை "மேம்படுத்தி" சந்தைப் பக்கம் கொண்டு போனார்கள். மன்றத்தின் பாஷையில் எதையும் மூடுவது கிடையாது. இணைப்பார்கள், மேம்படுத்துவார்கள், சீரமைப்பார்கள். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டுத் தொங்கும்.

மிஞ்சியது பஸ் ஒன்றுதான்.

தொழிற்சாலை மூடிய பிறகு அந்த பஸ்ஸில்தான் காலரக்கா தினமும் தன் தங்கை வீட்டுக்குப் போய் வந்தாள். தங்கை கீழே நூலகத் தெருவில் குடியிருந்தாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய ஒரே பெண் சிட்டுவைப் பெரியம்மாதான் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கப்போடுவது, நடுநடுவே அடி வாங்குவது எல்லாம் பெரியம்மாவின் வேலை. பிறகு தங்கை வீட்டுக்காரருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மூட்டை கட்டிக்கொண்டு மூன்று பேரும் போய்விட்டார்கள். தங்கை எப்போதாவது போன் செய்வாள். "நல்லாருக்கியாக்கா, சாப்பிட்டியா, சரி வச்சிடறேன்" என்பாள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்.

அவர்களை வழியனுப்பிய மறுநாள் காலை, காலரக்காவின் கால்கள் பழக்கதோஷத்தில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றுவிட்டன. பஸ்ஸில் புது டிரைவர். இளைஞர், பேச்சுக்காரர். "எங்கக்கா இவ்வளவு காலையிலேயே?" என்று கேட்டார்.

"தங்கச்சி வீட்டுக்கு. சிட்டு எழுந்திருக்கறதுக்குள்ள போகணும்," என்றாள். அவள் யோசித்துச் சொன்னதல்ல, வாயில் தானாக வந்தது. முந்தாநாள் வரைக்கும் அது சத்தியமான உண்மை. ஒரே நாளில் அதைப் பொய் என்று ஒதுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் டிரைவர், "சிட்டு எப்படி இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் விழுந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை. சிட்டு அப்பாவின் செருப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள். சிட்டு பூனைக்கு மீசையை வெட்டிவிட்டாள். சிட்டு டீச்சரிடம், "உங்களுக்கு வீட்ல வேலை இல்லையா, தினமும் இங்க வந்துடறீங்க?" என்று கேட்டுவிட்டாள். பஸ்ஸே சிரிக்கும். கைத்தடி ஐயா என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவர் ஒருவர், விஷயத்தைக் கேட்பதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். இரவில் சமைப்பதற்கு அவள் அதிகம் மெனக்கெடுவதில்லை. நாளைக்குச் சிட்டு என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் மெனக்கெடுவாள்.

நூலகத் தெருவில் இறங்கி, தங்கை இருந்த வீட்டை ஒரு பார்வை பார்ப்பாள். கொடியில் யாருடைய துணியோ காயும். பிறகு நூலகத்தில் போய் உட்காருவாள். பேசக் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கும் இடம் அது. பேச ஆள் இல்லாதவளுக்கு அந்த அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். மதியம் அதே பஸ் மேலே ஏறும்போது அவளும் ஏறிக்கொள்வாள்.

மேட்டுக் குடியிருப்பில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுக்குப் பயணம் இலவசம். ஆனால் ஏறும்போது பயண அட்டையை டிரைவர் பக்கத்து மெஷினில் தட்ட வேண்டும். மெஷினோ கிழடு. மூன்று தடவை தட்டினால்தான் ஒரு தடவை 'பீப்' என்னும். கார்டு பைக்குள் எங்கோ கிடக்கும், பையைப் பிடித்தால் கம்பியைப் பிடிக்க முடியாது. ஒருநாள் கைத்தடி ஐயா தடுமாறிப் படிக்கட்டில் சாயப் பார்த்தார். அன்றோடு டிரைவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். "கார்டெல்லாம் உள்ளயே இருக்கட்டும். முதல்ல உட்காருங்க. நீங்க விழுந்து வச்சீங்கன்னா நான்தான் தூக்கணும்," என்பார். எல்லோரும் அவரை வாழ்த்திக்கொண்டே உட்காருவார்கள். மேட்டுக் குடியிருப்பில் அதற்குப் பிறகு யாரும் கார்டை வெளியில் எடுக்கவில்லை.

இந்த நல்ல காரியம்தான் வினையாக வந்து முடிந்தது.

ஒருநாள் காலை பஸ் நிறுத்தத்தின் கம்பத்தில் மன்றத்தின் அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. ஏழாம் எண் பஸ் இனிமேல் சந்தையோடு திரும்பிவிடும். மேட்டுக் குடியிருப்பில் ஏறும் பயணிகள் யாரும் இல்லை என்று மெஷின் பதிவுகள் காட்டுவதால், தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும், போன் செய்தால் வீட்டுக்கு வரும் கார் ஏற்பாடு செய்யப்படும். ஆட்சேபம் இருந்தால் மன்றக் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம்.

கைத்தடி ஐயா சத்தமாகப் படித்தார். "யாரும் இல்லையாம்ல? அப்ப நாமெல்லாம் யாரு, பேயா?"

டிரைவர் இறங்கி வந்து படித்தார். அவர் முகம் செத்துப் போனது. காலரக்காதான் முதலில் கவனித்தாள்.

"அக்கா, நான்தான் கெடுத்துட்டேன்," என்றார் மெதுவாக. "நீங்க யாரும் தட்டவே இல்லையே. மெஷினைப் பொறுத்தவரைக்கும் நான் இத்தனை நாளா காத்தைத்தான் ஏத்திட்டு இறங்கியிருக்கேன்."

"இப்ப என்ன பண்றது தம்பி?"

"கூட்டத்துல எழுந்து உண்மையைச் சொல்லப் போறேன்."

"வேலைக்கு ஆபத்து இல்லையா?"

"இருக்கு. பரவாயில்லை. ஆனா நீங்க வந்து பக்கத்துல நிக்கணும்க்கா. பிள்ளையைப் பார்த்துக்கப் போறவங்கன்னா மன்றம் தட்டிக்கழிக்க முடியாது. சிட்டுவுக்காகத்தான் தினமும் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

காலரக்கா அறிவிப்பை இன்னொரு தடவை படித்தாள். வர முடியாது என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? பஸ் போனால் அவளுக்கு எல்லாமே போகும். வருகிறேன் என்று தலையாட்டினாள்.

மேட்டுக் குடியிருப்புக்குக் கடைசி பஸ் ஏறிப்போன பிறகு கூட்டம் தொடங்கும்படி மன்றம் நேரம் குறித்திருந்தது. வருகிறவர்கள் திரும்பிப் போக வழி இல்லை. இதைத் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது, அவ்வளவு தூரம் யோசிக்கிறவர்கள் இல்லை. எப்படியோ, மேலேயிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். மருமகன் வண்டியில் வந்த கைத்தடி ஐயாவும் காலரக்காவும். டிரைவர் சீருடையோடு வந்திருந்தார், மடியில் தொப்பி.

முதலில் குப்பைத் தொட்டிக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேசினார்கள். பிறகு பூங்கா பெஞ்சில் யாரும் படுத்துவிடாதபடி நடுவில் ஒரு கைப்பிடி வைக்கலாமா என்று ரொம்ப நேரம் பேசினார்கள். ஒரு உறுப்பினர் கைப்பிடியின் உயரத்தைத் தன் முழங்கையால் அளந்தே காட்டினார்.

பஸ் விஷயம் வந்ததும் போக்குவரத்து அதிகாரி திரையில் ஒரு படத்தைப் போட்டார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நீலத் தூண். சந்தைக்கு உயரமான தூண், நூலகத் தெருவுக்கு நடுத்தரம். மேட்டுக் குடியிருப்பு என்று எழுதிய இடத்தில் தூணே இல்லை. "பஸ் காலியா ஏறி, காலியா இறங்குதுங்க," என்றார் அதிகாரி. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மெஷின் சொன்னதுதான் தெரியும், மேலே வந்து பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

டிரைவர் எழுந்தார். பேசுகிறவர்களுக்கு முன்னால் மேஜையில் ஒரு விளக்கு உண்டு. பச்சை எரியும்வரை பேசலாம், சிவப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

"தப்பு என் மேலதாங்க. வயசானவங்க கஷ்டப்படறாங்கன்னு நான்தான் கார்டைத் தட்ட வேண்டாம்னு சொன்னேன். பஸ் காலியா போகலைங்க. இந்த ஐயா ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போறார். இந்த அக்கா தங்கச்சி பொண்ணைப் பார்த்துக்கப் போறாங்க. ஒருநாள் இவங்க போகலைன்னா அந்தக் குழந்தை தனியா நிக்கும். நான் தினமும் கண்ணால பார்க்கறேங்க."

அவர் பார்த்தது காலரக்கா நூலகத் தெருவில் இறங்குவதை மட்டும்தான். மீதியை எல்லாம் அவள் சொல்லி அவர் நம்பியது.

மன்றத் தலைவி கறாரான பெண், ஆனால் ஈரமில்லாதவர் அல்ல. "விதியை மீறினதுக்கு என்ன பண்றதுன்னு அதை அப்புறம் பார்க்கலாம்," என்று டிரைவரை உட்காரச் சொல்லிவிட்டு, காலரக்காவின் பக்கம் திரும்பினார். "டிரைவர் சொல்றது சரிதானாம்மா?"

"ஆமாங்க."

"தங்கச்சி வீடு எங்க?"

"நூலகத் தெருவுங்க."

"தினமும் போறீங்க?"

"தினமும்."

தலைவியின் முகம் மலர்ந்தது. "அட, இவ்வளவுதானா! ஐயாவுக்கு ஆஸ்பத்திரி. உங்களுக்கு நூலகத் தெரு. ரெண்டுமே கார் திட்டத்துல வருதே. கார் உங்க வீட்டு வாசலுக்கே வரும்மா. தங்கச்சி வீட்டு வாசல்லயே இறக்கி விடும். மழை வெயில்னு நீங்க ரோட்ல நிக்க வேணாம். இலவசம்தான்." அதிகாரி சந்தோஷமாகத் தலையாட்டினார். உறுப்பினர்கள் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்கள். கை தூக்க வேண்டியதுதான் பாக்கி.

டிரைவர் பக்கத்தில் குனிந்து, "கார்லயே போகலாம்க்கா!" என்று கிசுகிசுத்தார். பஸ் போனாலும் அவளுக்கு ஒரு வழி பிறந்ததே என்று உண்மையான சந்தோஷம் அந்த முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் காலரக்காவால் முடியவில்லை.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லோருக்கும் போகிற இடம் ஒன்று இருந்தால் கார் போதும். பஸ் எதற்கு? பஸ்ஸைக் காப்பாற்ற வந்து அவள் சொன்ன பொய்தான் பஸ்ஸுக்குக் குழி வெட்டுகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சும். நாளைக் காலையில் வாசலில் ஒரு கார் வந்து நிற்கும், நூலகத் தெருவில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டுப் போகும்.

எழுந்து நின்றாள். விளக்கு பச்சையாக எரிந்தது.

"எனக்குக் கார் வேணாங்க."

"ஏம்மா?"

"போறதுக்கு எனக்கு இடம் இல்லைங்க."

கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. அவள் டிரைவரின் பக்கம் திரும்பாமல் நேராகத் தலைவியைப் பார்த்துப் பேசினாள். மெஷின்களுக்கு நடுவே பழகிய குரல், அவளை அறியாமலே உயர்ந்தது.

"தங்கச்சி குடும்பத்தோட வெளிநாட்டுக்குப் போயி வருஷக்கணக்காச்சு. அந்தச் சிட்டு இப்ப காலேஜுல படிக்கிறா. நூலகத் தெருவுல எனக்கு யாரும் இல்லைங்க. நான் பஸ்ஸுக்காகத்தான் பஸ்ஸுல போறேன். ஏறினா, வாங்கக்கான்னு ஒரு குரல் கேக்கும். நாலு பேர் சிரிப்பாங்க. காலையில இந்த வாய் முதமுதல்ல திறக்கறதே அங்கதாங்க. காருல என்னைத் தனியா ஏத்தி எங்கங்க கொண்டு போவீங்க? தனியா இருக்கறதுக்கு எனக்கு வீடு இருக்கு."

பெஞ்சுக் கைப்பிடியை முழங்கையால் அளந்த உறுப்பினர், "ஊர் சுத்தவா மன்றம் பஸ் விடணும்?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அதிகாரி அவளுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "பேச்சுத்துணைக்குத்தான் மன்றமே முதியோர் கூடம் நடத்துதேம்மா. அங்க வரலாமே," என்றார்.

"அது எங்கங்க இருக்கு?"

"சந்தைக்குப் பக்கத்துல."

"நான் எப்படிங்க அங்க வர்றது?"

அதிகாரி வாயைத் திறந்தார். பிறகு தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். கார் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களைப் பராமரிக்கப் போகிறவர்களுக்கும் மட்டும்தான், கூடத்துக்கு வருகிறவர்களுக்கு இல்லை. அந்த விதியை எழுதியவரே அவர்தான். இந்தத் தடவை சிரித்தவர்கள் அதிகம். ஆனால் அவர்கள் சிரித்தது காலரக்காவைப் பார்த்து அல்ல. விளக்கு சிவப்பாக மாறியது.

தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முடிவைத் தள்ளி வைப்பதாகச் சொன்னார். மழைக்காலம் முடியும்வரை பஸ் மேட்டுக் குடியிருப்புக்குப் போய் வரும். அதுவரை ஏறுகிற ஒவ்வொருவரும் கார்டைத் தட்டியே ஆக வேண்டும். அப்போது வரும் கணக்கை வைத்து முடிவு செய்வார்கள்.

ஜெயித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் திரும்பிப் பார்த்தபோது டிரைவர் மடியிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையைப் பணயம் வைத்து அவர் சொன்ன சாட்சியம், அவளால் எல்லோர் முன்னாலும் பொய்யாகிவிட்டது. கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் பஸ் பணிமனை மேலாளர் அவரை வெளியே அழைத்துக்கொண்டு போனார்.

கைத்தடி ஐயாவின் மருமகன் வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். காலரக்கா நடந்தே மேடேறினாள். இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் மூச்சு வாங்கியதால் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியவில்லை. பொய் சொன்னதற்காக அவள் வெட்கப்படவில்லை. அப்படி ஒரு பொய் தனக்குத் தேவைப்பட்டது என்று ஊருக்கே தெரிந்துவிட்டதே, அதுதான் குன்றிப்போகச் செய்தது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். நாளைக்குச் சிட்டு என்ன செய்வாள் என்று மனம் வழக்கம் போல ஆரம்பித்தது, பாதியில் நின்றது. தங்கை போன அன்றுகூடச் சிட்டு அவளோடுதான் இருந்தாள். இன்றைக்குத்தான் உண்மையாகவே போய்விட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் வேறு டிரைவர். பழையவரைச் சில நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். புதியவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, கார்டை மட்டும் பார்த்தார். எல்லோரும் வரிசையாகத் தட்டினார்கள். உள்ளே போனால் எல்லோரும் அவளிடம் தேனாக நடந்துகொண்டார்கள். ஒருத்தர் ஜன்னல் இருக்கையை விட்டுக்கொடுத்தார். கைத்தடி ஐயா, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று நோயாளியை விசாரிக்கிற குரலில் கேட்டார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. எதைக் கேட்டால் அவளுக்கு வலிக்குமோ என்ற பயம். பஸ் நூலகத்தைவிட அமைதியாகக் கீழே இறங்கியது.

வீட்டிலேயே கிடந்துவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் போகாவிட்டால் கணக்கில் ஒரு ஆள் குறையும், எல்லோருக்கும் பஸ் நின்றுபோகும். இத்தனை வருஷம் காரணமே இல்லாமல் ஆசையாகப் போனாள். இப்போது போவதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது, போகத்தான் பிடிக்கவில்லை.

பழைய டிரைவர் ஒருநாள் திரும்பி வந்தார். காலரக்கா கார்டைத் தட்டினாள். அவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படித்தான். அவர் திட்டியிருந்தால்கூட அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். இந்த மௌனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதற்கு அடுத்த நாள் மழை தூறியது. மற்றவர்கள் யாரும் இன்னும் வரவில்லை. பஸ் நின்றிருந்தது, இரண்டே பேர்.

"ஏங்கக்கா என்கிட்ட சொல்லலை?" என்று டிரைவர் கேட்டார். திரும்பாமலேதான் கேட்டார்.

"எப்படித் தம்பி சொல்றது? தினமும் ஆசையா கேட்டீங்க. சிட்டு இல்லைன்னா அப்புறம் என்கிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

துடைப்பான் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் போய் வந்தது.

"எங்க வீட்ல நானும் எங்கம்மாவும்தான்க்கா. அம்மாவுக்கு இடுப்பு முறிஞ்சு கட்டில்லயேதான் இருக்காங்க. நான் வீட்டுக்குப் போனதும் முதல்ல கேக்கறது, இன்னிக்குச் சிட்டு என்னடா பண்ணினான்னுதான். நீங்க சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம அவங்களுக்குச் சொல்வேன். கூட்டம் முடிஞ்ச பிறகு இத்தனை நாளா எதையோ சொல்லிச் சமாளிச்சேன். நேத்துதான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு, சிட்டுன்னு இப்ப அப்படி ஒரு குழந்தையே இல்லைம்மான்னு சொன்னேன்."

"ஐயோ! அவங்க என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க." டிரைவர் இப்போது திரும்பினார். "எனக்கு எப்பவோ தெரியும்டாங்கறாங்க. இத்தனை வருஷமா ஒரு பிள்ளை ஒண்ணாம் வகுப்பிலயே இருக்குமாடா, உனக்குத்தான் பிள்ளை குட்டி இல்லை, தெரியலைன்னாங்க. அப்ப ஏம்மா தினமும் கேட்டேன்னேன். எனக்கும் கேக்கறதுக்கு வேற என்னடா இருக்குன்னுட்டாங்க."

காலரக்கா முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"கூட்டத்துக்கு முந்தின நாள் சிட்டுவுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே," என்றார் டிரைவர். "விட்டுருச்சான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"பகல்ல அவங்க கூட யாரு இருப்பாங்க?"

"யாரும் இல்லைக்கா. நான் வர்ற வரைக்கும் சுவரைப் பார்த்துட்டுப் படுத்திருப்பாங்க."

"வீடு எங்க?"

"மணிக்கூண்டுக்கு அந்தாண்ட. இந்த பஸ் அங்க போகாதுக்கா. சந்தையில இறங்கி மூணாம் நம்பரைப் பிடிக்கணும். அது எப்ப வரும்னு அதை ஓட்டறவனுக்கே தெரியாது."

"எப்ப வேணா வரட்டும், நின்னு ஏறிக்கறேன்," என்றாள் காலரக்கா. "காய்ச்சல் விட்டுருச்சான்னு நானே வந்து அவங்களுக்குச் சொல்றேன்."